மூன்று நிமிடத்துக்கு ஒரு பாட்டு

1

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் நாடக சபையின் படிக்கட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ‘இவ்வருட நாடகத்தில் வேடம் ஏற்க விரும்புவோர் ஞாயிறு பிற்பகல் வந்து பாடிக் காட்டவும். ஒருவருக்கு மூன்று நிமிடம். ஒருவர் பாடிய பாட்டை அன்று மற்றொருவர் பாடலாகாது.’

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். கும்பகோணத்துக் கொட்டகையில் ராஜபார்ட் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்து, அந்தக் குரலுக்குக் கைதட்டல் ஓய்ந்து, பிறகு ஆள் வெளியே வருவதற்கே மூன்று நிமிடம் போதாது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்துச் சாய்ந்துகொண்டு ‘ஒன்ஸ் மோர்’ என்று கத்தினால், செத்துக் கிடக்கிறவன்கூட எழுந்து இன்னொரு முறை பாடிவிட்டுச் சாவான். அங்கே யாரும் கடிகாரம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இங்கே மலாய் நாட்டில் கதை வேறு. நாடகம் போட வேண்டுமானால் போலீஸ் அனுமதி வேண்டும். கதைச் சுருக்கத்தை இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். பாட்டுகளின் பட்டியல், ஒவ்வொரு பாட்டுக்கும் ஆகும் நேரம், எல்லாவற்றுக்கும் விண்ணப்பப் பாரத்தில் கட்டம் போட்டிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். போன வருடம் பதினொரு மணி அடித்தபோது எங்கள் கதாநாயகன் அம்பு பட்டுக் கிடந்து பாடிக்கொண்டிருந்தான். மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் மேடையில் ஏறி அவனைக் குனிந்து பார்த்தார். ஜனங்கள் அதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

“இனி ஓராங் சுடா மாத்தி கா?” என்றார் அவர். இந்த ஆள் செத்துவிட்டானா என்று கேட்கிறார்.

எங்கள் செயலாளர் வேலாயுதம் திரை ஓரத்திலிருந்து கைகட்டிக்கொண்டு சொன்னார்: “பெலும், துவான். இன்னும் சாகலை. இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு.”

அந்த இரண்டு பாட்டையும் பாடாமலே அவன் சாக வேண்டியதாயிற்று. அதனால்தான் இந்த வருடம் எல்லாப் பாட்டையும் சுருக்குவது என்று முடிவு. சுருக்கிப் பாடத் தெரிந்தவனுக்குத்தான் வேடம்.

2

நான் துறைமுகத்தை அடுத்த ஓர் அரிசிக் கிட்டங்கியில் கிராணி. குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இந்தத் தீவில் இறங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடப் படிப்பு மட்டும் உண்டு. நாலு பேர் நடுவில் பேச வராது. சபையில் ஒன்பது வருடமாக இருந்தும் ஒரு தடவைகூட வேடம் கட்டினதில்லை.

ஆனாலும் தேர்வு வந்தால் எல்லோரும் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய நாடகப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஊரிலிருந்து கப்பலில் என்னோடு வந்தவை. அட்டை போய், ஓரம் அரிக்கப்பட்டு, உப்புக்காற்றில் தாள் பழுப்பேறிவிட்டது. “அண்ணே, எனக்கு ஒரு பாட்டு எடுத்துக் குடுங்க” என்று வந்து உட்காருவார்கள்.

ஒரு பாட்டிலிருந்து நான்கு வரி எடுப்பது சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது. எல்லோருக்கும் பல்லவிதான் தெரியும் என்பதால் பல்லவியையே பிடித்துக்கொள்வார்கள். பாடுகிறவன் குரல் எங்கே திறக்கிறதோ அங்கே பாட்டைத் தொடங்க வேண்டும். சிலருக்கு அது மூன்றாவது சரணத்தின் நடுவில் இருக்கும். உச்ச ஸ்தாயி ஒரு தடவைதான் வர வேண்டும். முதல் தடவை வந்தால் ‘அட’ என்பார்கள், இரண்டாம் தடவை கழுத்து நரம்பைப் பார்ப்பார்கள். அழுவதற்கு ஆசைப்படுகிறவனுக்கு அழுகைப் பாட்டுக் கொடுக்கக் கூடாது. நான்கு வரியிலும் ஓர் ஆள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஒரே ஒன்றைக் கேட்க வேண்டும். இவ்வளவும் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூட்டைகளை எண்ணிக்கொண்டே மனசுக்குள் பாடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

சுங்க ஆபீசில் வேலை செய்யும் தங்கராசு வேட்டைக்குப் போகும் அரசன் பாட்டோடு வந்தான். நான் முதல் இரண்டு வரியைப் பென்சிலால் அடித்தேன்.

“என்னண்ணே, தலையில்லாத முண்டமாப் பாடச் சொல்றீங்க?”

“பாடிப் பாருங்க தம்பி.”

பாடினான். அவனுக்கே ஆச்சரியம். “இது என் குரல்தானா?” என்று என் மனைவி பாக்கியத்தைக் கேட்டான். “நாயி குலைக்காம இருக்குதே, அதுலயே தெரியலையா?” என்று அவள் உள்ளிருந்து சொன்னாள்.

3

நானும் ஒரு தடவை தேர்வுக்குப் போனவன்தான். அப்போது எனக்கு இருபது வயது. கும்பகோணத்தில் ஒரு பெரிய கம்பெனி முகாம் போட்டிருந்தது. மாட்டு வண்டியில் நோட்டீஸ் வீசிக்கொண்டு பேண்டு வாசித்துப் போவார்கள். அந்த மஞ்சள் நோட்டீசுகளைப் பொறுக்கி வைத்து மணந்து பார்ப்பேன். பாடத் தெரிந்த வாலிபர்கள் தேவை என்று அதில் ஒரு நாள் அடியில் அச்சிட்டிருந்தார்கள்.

பகல் வேளையில் கொட்டகை வேறு மாதிரி இருந்தது. கீற்று இடுக்கால் வெயில் காசு காசாக மணலில் விழுந்து கிடந்தது. காஸ் விளக்குகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் ராணியாக வந்தவர் ஒரு மூலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பெஞ்சியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, “சுருக்கமா ஒண்ணு பாடுப்பா” என்றார்.

சுருக்கமாக என்றதும் என் மூளை என்ன செய்ததோ, மங்களத்தைப் பாடிவிட்டேன். அது சின்னப் பாட்டு, முழுக்கத் தெரியும், தப்பு வராது. அதைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

ஆர்மோனியம் நின்றது. துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த விளக்கோடு நின்றார்கள். வாத்தியார் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

“தம்பி, நாங்க இன்னும் இந்த ஊர்ல பதினஞ்சு ஆட்டம் ஆடணும்னு இருக்கோம். நீ வந்து முடிச்சு வச்சுட்டியே!”

மழித்துக்கொண்டிருந்த ராணி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதில் கெட்ட எண்ணம் இல்லை. இன்னொன்று பாடு என்றுகூட வாத்தியார் சொன்னார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மறு வருடம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வீட்டு நிலைமைக்காக வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு தடவையும் போகவில்லை. போக வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். இப்போது அந்த வீட்டில் அண்ணன் மகன்கள் இருக்கிறார்கள். நான் போய்க் கதவைத் தட்டினால் திறக்கிறவன் யாராக இருப்பான், என்ன கேட்பான் என்று தெரியாது.

4

இந்த வருட நாடகம் வேலாயுதமே எழுதியது. கடலோடிப் போன ஒரு வணிகன் இருபது வருடம் தொலைந்துபோய், ஒரு நாள் திரும்பி வந்து தன் வீட்டு வாசலில் நிற்கிறான். மனைவி கதவைத் திறந்து ‘யார் வேண்டும்?’ என்கிறாள். வணிகனுக்கு வயதான ஆள் வேண்டும். படித்துக் காட்டியபோது நான் பின் பெஞ்சியில் இருந்தேன். முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

இந்த வேடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். இப்படி நினைத்தது எனக்கே பயமாக இருந்தது. எனக்கு நாற்பத்தேழு வயது. இன்னொரு முறை இப்படி ஒரு வேடம் வராது.

பெட்டியைக் குடைந்து ஒரு பழைய புத்தகம் எடுத்தேன். போருக்குப் போய்த் திரும்பும் சிப்பாய் ஒருவன் பாடும் பாட்டு. பதினாறு வரி. முதல் எட்டு வரி மலை, நதி, நாட்டு வளம். நான் அங்கேயே தொடங்கலாம் என்றிருந்தேன். என் மகள் கமலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. கான்வென்ட்டில் இங்கிலீஷ் படிக்கிறாள். தெருவில் மலாய் பேசுகிறாள், பங்சவான் நாடகத்து மலாய்ப் பாட்டுகளை வாயில் போட்டு அரைத்துக்கொண்டே இருப்பாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மூன்று வருடமாக நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது என்று ஒன்றும் இல்லை.

“ஆரம்பத்துல ஒண்ணுமே நடக்கலயே, அப்பா. மலை மலைன்னு போகுது.”

“அப்புறம் எங்கே ஆரம்பிக்கிறது?”

“கடைசியில கதவு வருதுல்ல? அங்க உங்க குரல் வேற மாதிரி ஆகுதுலா. அதை மட்டும் பாடுங்க.”

அந்த நான்கு வரி இதுதான்:

தட்டத் தட்டக் கை நடுங்குதே – இந்தத்
தாழ்ப்பாளும் எனை மறந்ததோ?
விட்டுப் போன வீடும் இன்றென்னை – வந்த
விருந்தாளி என நினைந்ததோ?

வார்த்தைகளில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. சத்தத்தை வைத்தே சரியான இடத்தைத் தொட்டுவிட்டாள். ஒரு வாரம் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்ல, நான் பாடினேன். பாக்கியம் மீன் கழுவிக்கொண்டே, “வீட்ல உப்புப் போதலைன்னா வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்க. மேடையில பாடப்போறீங்களாக்கும்” என்பாள். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

கிட்டங்கியில் மத்தியான ஓய்வு நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே நின்று பாடிப் பார்ப்பேன். அரிசி மூட்டை சத்தத்தை விழுங்கிவிடும். ஒரு நாள் சீன முதலாளி எட்டிப் பார்த்தார்.

“கிராணி, சாக்கிட் கா?” உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்கிறார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. சீன மருந்து ஒரு பொட்டலம் அனுப்பி வைத்தார்.

5

தேர்வு நாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். ரப்பர்ப் பால் கறை பிடித்த விரல்கள். பெயர் மாரிமுத்து, சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். விடிவதற்கு முன் கிளம்பி, அக்கரையில் உள்ள பிறைக்கு வந்து ஃபெரி ஏறி வந்திருக்கிறார். டவுனில் இருக்கும் மச்சான் ஒருவர் நாடகக் கதையைச் சொன்னாராம்.

“வணிகன் வேஷத்துக்குப் பாடலாம்னு வந்தேங்க, கிராணி ஐயா. நீங்கதான் பாட்டு எடுத்துத் தருவீங்கன்னாங்க.”

“ஐயா எல்லாம் வேண்டாம். உக்காருங்க.” பெட்டியை இழுத்தேன். “உங்களுக்கு என்ன பாட்டு தெரியும்?”

“பாட்டு நெறைய தெரியுங்க. சின்னப் பாட்டுதான் தெரியாது.”

பொய்யில்லை. அவர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பாடுகிறவர். முதலில் ஏழு அண்ணன்மாரும் ஒரு தங்கையும் என்று ஒரு பாட்டு எடுத்தார். நாலாவது அண்ணன் வரும்போதே மூன்று நிமிடம் ஆகிவிட்டது.

“நாலாவது அண்ணனோட நிறுத்திக்கலாமா?” என்றேன்.

“மத்த மூணு பேரு கோவிச்சுக்குவாங்களே” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அடுத்து மாடு தொலைத்த கதை. மாடு கிடைக்கும்வரை நிறுத்த முடியவில்லை. மூன்றாவது பாட்டை நடுவில் அறுத்தேன், நடுவில் தொடங்கினேன், பின்னிருந்து பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அந்தப் பாட்டுகள் கயிறு மாதிரி, எங்கே வெட்டினாலும் பிரிந்துபோயின. மணி பன்னிரண்டு ஆயிற்று. அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் இந்த வேஷம்தான் வேணும்னு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேங்க. பதினாலு வருஷம் கழிச்சு. என் மக கதவைத் தொறந்து, ‘யாரு வேணும்?’னுச்சு. கைக்குழந்தையில விட்டுட்டு வந்தது. அதுக்கு என்ன தெரியும்?” பிறகு சொன்னார்: “நான் இன்னாருன்னு சொல்ல வாய் வரலீங்க. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சேன்.”

வெட்டினால் பாட்டு எப்படி நிற்க வேண்டும் என்று காட்டத் தொடங்கினேன். உதாரணத்துக்கு என்றுதான் பாடினேன். மெதுவாக, முழுக் குரல் இல்லாமல், அந்தக் கதவு வரிகளைப் பாடினேன்.

இன்னொரு தடவை என்றார். பாடினேன். பிறகு அவர் பாடினார்.

‘தாழ்ப்பாளும்’ என்ற இடத்தில் சற்று நின்றார். நான் ஒரு வாரமாக அங்கே நிற்கவேண்டும் என்று நினைத்ததே இல்லை. ‘மறந்ததோ’ என்பதைக் கேள்வியாகப் பாடாமல், தனக்குள் தெரிந்துகொண்டதைப் போலக் கீழே இறக்கிப் பாடினார். நான் கடிகாரம் பார்க்க மறந்துபோனேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“இது யாருக்கு எடுத்து வெச்சதுங்க?”

“சும்மா… எடுத்து வெச்சிருந்தேன்.”

“அப்ப நான் பாடட்டுங்களா?”

ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ‘ம்’ என்றேன்.

அவர் போனதும் பாக்கியம் வந்து நிலைப்படியில் நின்றாள்.

“குடுத்துட்டீங்களா?”

“கேட்டாரு.”

“கேட்டா? என் மூக்குத்தியைக் கேட்டா கழட்டிக் குடுத்துருவீங்களா?”

கமலம் ஒன்றும் கத்தவில்லை. “அது நான் எடுத்துக் குடுத்தது, அப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாட்டு என்னுடையது மட்டும் இல்லை என்பது ‘ம்’ என்று சொன்னபோது நினைவுக்கு வரவே இல்லை.

6

சபை மார்க்கெட் தெருவில் ஒரு மளிகைக்கடை மாடியில் இருக்கிறது. ஞாயிறு கடை மூடியிருக்கும் என்பதால் அன்று தேர்வு. வேலாயுதம் மேசையில் பைக்கடிகாரத்தைத் திறந்து வைத்திருந்தார். ஆர்மோனியத்தில் அந்தோணி. தங்கராசு தலையில்லாத பாட்டைப் பாடிக் கைதட்டல் வாங்கினான். ஏழாவதாக மாரிமுத்து. வெறுங்காலோடு வந்து நின்று, கண்ணைத் தரையில் வைத்துப் பாடினார். முடிந்தபோது கைதட்டல் இல்லை. யாராவது முதலில் தட்டட்டும் என்று எல்லோரும் காத்திருந்தது போல இருந்தது. பிறகு அந்தோணி தட்டினார்.

என் பெயர் ஒன்பதாவது. எழுந்து நின்றேன். பெட்டியில் வேறு பாட்டு இல்லையா? நூறு இருக்கிறது. ஆனால் மனசுக்குள் அந்த நான்கு வரி தவிர வேறு எதுவும் வரவில்லை.

“தொண்டை சரியில்லை” என்றேன். இருபது வயதில் என்னவோ அதேதான் நாற்பத்தேழிலும்.

மாரிமுத்து வெளியே போன பிறகு கமிட்டியில் சச்சரவு வந்தது. “தோட்டத்து ஆளை முக்கிய வேஷத்துல போட்டா டவுன்ல என்ன சொல்லுவாங்க?” என்றார் ஒருவர். அந்தோணி திரும்பிப் பார்த்தார்.

“அவரு பாடுறப்ப கண்ணை மூடிட்டுத்தானே இருந்தீங்க? அவரு காலுல செருப்பு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுது?”

அதோடு அது முடிந்தது. ஆனால் இன்னொரு சிக்கல் வந்தது. ஒத்திகை சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிறும். தோட்டத்துத் துரை அனுமதி கொடுக்க வேண்டும்.

“துரை விடலேன்னா வேஷம் உங்களுக்குத்தான் அண்ணே” என்றார் வேலாயுதம் என்னிடம். “வயசுக்கு வேற யாரு இருக்கா? துரைக்கு லெட்டரை நீங்களே எழுதிடுங்க. சபையில உங்க இங்கிலீஷ்தான் ஒழுங்கா இருக்கும்.”

என்னைச் சோதிக்க வேண்டுமென்று அவர் இதைச் சொல்லவில்லை. அவருக்குச் சூது தெரியாது.

வீட்டில் மேசையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மா ஒரு கடிதம் எழுதினால் போதும். தப்பாக ஒரு வார்த்தையும் வேண்டாம். சப்பென்று இருந்தால் துரை படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார், வேடம் என்னிடம் வந்துவிடும். அப்படி எழுத எனக்கு முயற்சியே தேவைப்படவில்லை. இருபத்தாறு வருடமாக அப்படிக் கடிதங்கள்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கமலம் பின்னால் வந்து நின்று படித்தாள். ஞாயிறு முதல் என்னோடு பேசாதவள்.

“அப்பா, இது மனுஷனைப் பத்தியா, அரிசி மூட்டையைப் பத்தியா?”

உண்மைதான். ‘மேற்படி மாரிமுத்துவைக் குறித்த தேதியில் அனுப்பி வைக்குமாறு’ என்று சரக்கு கேட்பதைப் போல எழுதியிருந்தேன்.

“நல்லா எழுதினா உங்களுக்கு வேஷம் இல்ல. தெரியும்தானே?” என்றாள்.

“தெரியும்.”

நான் எழுதிய காகிதத்தை ஓரமாகத் தள்ளினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். நான் தமிழில் சொன்னேன், அவள் இங்கிலீஷில் எழுதினாள். அவர் எப்படிப் பாடினார், எங்கே நிறுத்தினார், கேட்டவர்கள் எப்படி இருந்தார்கள் என்று சொன்னேன். சில இடத்தில் அவளுக்குத் தமிழ் புரியவில்லை, சில இடத்தில் எனக்கு அவள் இங்கிலீஷ் புரியவில்லை. நடுவில் மலாய் போட்டுச் சமாளித்தோம். கடைசியில், “இந்த வேடத்தைச் செய்ய இந்தத் தீவில் வேறு ஒருவரும் இல்லை” என்று சொன்னேன்.

அவள் பேனாவை நிறுத்தினாள். “இது பொய்யாச்சே அப்பா. போடவா?”

“போடு.”

போட்டாள். கீழே நான் கையெழுத்திட்டேன். அவள் மை ஒற்றினாள்.

7

பத்து நாளில் பதில் வந்தது. துரை இரண்டு வரிதான் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாரிமுத்து வரலாம். சனிக்கிழமை விட முடியாது.

நாள் குறைவாக இருந்ததால் சனி ஒத்திகையை விட முடியவில்லை. மற்றவர்கள் வணிகனோடு பேச வேண்டும், பாட்டுக்கு ஆர்மோனியம் பழக வேண்டும். வேலாயுதம் கூச்சத்தோடு என்னிடம் வந்தார். “அண்ணே, சனிக்கிழமை மட்டும் அவரு இடத்துல நின்னு பாடிக் குடுக்க முடியுமா? வேஷம் அவருதுதான். தொண்டை எப்படி இருக்கு?”

“பரவாயில்லை” என்றேன்.

அப்படித்தான் இப்போது ஐந்து சனிக்கிழமை ஆகிறது. கீழே கடை திறந்திருக்கும், மிளகாய் மூட்டை பிரித்தால் மாடியில் எல்லோரும் தும்முவோம். கேட்பதற்கு ஆறேழு பேர்தான். மனைவி வேடம் தங்கராசுவுக்கு. தச்சர் ஒருவர் செய்து கொடுத்த கதவுச் சட்டத்தை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். முதல் சனிக்கிழமை அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது வாரம் அந்தோணி, “அண்ணே, நான் மூட்டை இல்ல, மனுஷன். காது கேக்கும், சத்தமாப் பாடுங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

ஞாயிறுகளில் மாரிமுத்து வருவார். இப்போது அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். அவர் பாடும்போது நான் பின் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேன். அவர் நிறுத்தும் இடத்தில் நான் நிறுத்துவதில்லை. முயன்று பார்த்தேன், எனக்கு அது பொருந்தவில்லை. “சனிக்கிழமை வணிகன் கோவக்காரனா இருக்கான், ஞாயித்துக்கிழமை வணிகன் சாதுவா இருக்கான்” என்கிறார் அந்தோணி. என்னைக் கோபக்காரன் என்று ஒருவர் சொன்னது இதுவே முதல் தடவை.

போன சனிக்கிழமை மழை. குடை எடுத்துக்கொண்டு கமலம் வந்திருந்தாள். கதவு ஓரத்தில் ஈரக் குடையைச் சாய்த்துவிட்டு நின்று கேட்டாள். நான் தட்டினேன், தங்கராசு திறந்து ‘யார் வேண்டும்?’ என்றான், பாடினேன். முடிந்ததும் அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “ரெண்டாவது வரி ஓடுது, அப்பா. அவ்வளவு அவசரம் என்ன? திரும்பப் பாடுங்க.”

திரும்பப் பாடினேன்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. அதற்கு முன் இன்னும் நான்கு சனிக்கிழமைகள் இருக்கின்றன.